ஓடும் கூலியும் உரிமமும்: புயலுக்குப் பின் கூரை சீரமைத்த தொழிலின் வரலாறு

வீடு பழுதுபார்க்கும் தொழில் இயல்பான காலங்களில் பெரும்பாலும் அறிமுகத்தின் பேரில் நடைபெறுவது. கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். கூப்பிடப்பட்டவர் அரைகுறையாக வேலை செய்தால் அதுவும் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பதால், எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லாமலே இரு தரப்பினரும் ஓரளவு கட்டுப்பட்டிருப்பர். பெரும்புயல் இந்த ஏற்பாட்டை ஒரே இரவில் குலைத்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுதாகும் கூரைகள் எல்லாம் ஒரே நாளில் பழுதாவதால், ஊரிலுள்ள வேலையாட்கள் போதாமல் போகின்றனர், ஓடும் மரமும் ஆணியும் விலையேறுகின்றன, முன்பின் அறியாதவர்கள் வேலை கேட்டு வாசலில் வந்து நிற்கின்றனர். கூரை வேலைக்கே உரிய மற்றொரு சிக்கலும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. சுவரையோ தரையையோ போலக் கூரையை வீட்டுக்காரர் அன்றாடம் பார்ப்பதில்லை. ஏறிப் பார்த்தாலும் ஓட்டுக்கு அடியில் இருப்பது கண்ணில் படுவதில்லை. மழை அதை ஓரளவுக்கே சோதிக்கிறது. முழுச் சோதனை அடுத்த பெரும்புயலின்போதுதான் நிகழும் என்பதாலும், அது வர முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதாலும், தவறு செய்தவர் பிடிபடுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

இத்தகைய வேளையில் முன்பின் அறியாத ஒருவரை எதைக் கொண்டு நம்புவது என்ற கேள்விக்கு மன்னர்களும் தொழிற்குழுக்களும் சட்டமன்றங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் ஏறத்தாழ 660 ஆண்டுகளாக விடை தேடி வந்துள்ளன. அத்தேடலின் தடங்கள் தெளிவாகப் பதிவாகியுள்ள இடங்கள் இரண்டு: ஒன்று இடைக்காலம் முதல் 18ஆம் நூற்றாண்டு வரையிலான லண்டன், மற்றொன்று 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இன்று வரையிலான அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, நம்பிக்கைக்கு ஈடாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வோர் ஏற்பாடும் ஒரு வகை ஏமாற்றை அடைத்த கையோடு வேறொரு வகைக்கு இடம் கொடுத்திருப்பது புலப்படுகிறது.

லண்டனில் 1212இல் நேர்ந்த பெருந்தீக்குப் பிறகு, வைக்கோலாலும் நாணலாலும் புதிதாகக் கூரை வேய்வது நகர விதிகளால் தடைசெய்யப்பட்டது. தீயிலிருந்து காப்பதற்காக எழுந்த இவ்விதி, நகரவாசிகளைச் சூளை வைத்திருப்பவரையும் ஓடு வேய்பவரையும் நம்பியிருக்கச் செய்தது. வைக்கோலை வயல் தரும், ஆனால் ஓட்டைச் சூளைதான் தர வேண்டும். 1348–49இன் கொள்ளைநோய் மக்கள்தொகையில் பெரும்பங்கை அழித்தபின், உயிரோடிருந்த வேலையாட்கள் கூடுதல் கூலி கேட்டனர். அதை அடக்க 1351இல் இயற்றப்பட்ட வேலையாட்கள் சட்டம், ஓடு வேய்பவருக்கு நாளொன்றுக்கு 3 பென்னி எனவும் அவருடைய எடுபிடி ஆளுக்கு ஒன்றரைப் பென்னி எனவும் கூலியை நிர்ணயித்தது. 1361இல் கொள்ளைநோய் மீண்டும் தலைகாட்டியது. அதன் பாதிப்பு நீங்குவதற்குள், 1362 ஜனவரி நடுவில், தென் இங்கிலாந்தைக் கடும் புயல் தாக்கியது. நார்விச் பேராலயத்தின் கோபுர முனை சரிந்தது இப்புயலில்தான்.

கூரையிழந்த லண்டனில் ஓடு விற்போரும் ஓடு வேய்வோரும் விலையையும் கூலியையும் உயர்த்திய நிலையில், மூன்றாம் எட்வர்டு மன்னர் நகர நிர்வாகத்துக்கு ஆணை ஒன்றை அனுப்பினார். புயலைக் காரணம் காட்டி எவரும் விலையேற்றக் கூடாது, கடந்த கிறிஸ்துமஸுக்கு முன்பு ஓடு என்ன விலைக்கு விற்றதோ அதே விலைக்கே விற்க வேண்டும், வேய்பவரும் அப்போது பெற்ற கூலியையே பெற வேண்டும் என்பது அதன் சாரம். புயலுக்கு முந்திய நாள் ஒன்றைக் குறித்துக்கொண்டு, அந்நாளின் விலையே நியாய விலை என்று கொள்ளும் இம்முறை, பார்ப்பதற்கு எளிமையானது. அதனாலேயே அது நெடுங்காலம் வாழ்ந்தது, பிறகு வேறொரு கண்டத்தில் மறுபிறப்பும் எடுத்தது. ஆனால் பழைய விலைக்கு வேலை செய்யச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமே தவிர, பழைய கவனத்தோடு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. கூலி கட்டப்பட்ட வேய்பவர், ஓட்டைக் குறைவாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றியும், முளை அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமலும் நாளைக் கழித்தால், அரசாணை அதைக் காண வழியில்லை.

தரத்தைப் பற்றிய கவலை ஒரு நூற்றாண்டு கழித்துச் சட்டமாயிற்று. நான்காம் எட்வர்டு மன்னரின் ஆட்சியில், 1477இல், ஓடு செய்வதற்கென்றே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஓட்டுக்கான மண்ணை நவம்பர் 1ஆம் தேதிக்கு முன் தோண்டிவிட வேண்டும், பிப்ரவரி முதல் தேதிக்கு முன் அதைக் கிளறிப் புரட்டிவிட வேண்டும், மார்ச் மாதத்துக்கு முன் அதில் ஓடு வார்க்கக் கூடாது என அது வரையறுத்தது. குளிர்காலத்துப் பனியில் உறைந்தும் இளகியும் மண் உதிர்ந்து பதப்படுவதற்கான காலம் அது. பதப்படாத மண்ணில் செய்த ஓடு இரண்டு மூன்று குளிர்காலத்துக்குள் பொரிந்துவிடும். தட்டோடு பத்தரை அங்குல நீளமும் ஆறேகால் அங்குல அகலமும் அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தடிப்பும் கொண்டிருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருந்தது. வாங்குபவர் அறியாத ஒன்றை, அதாவது மண் எத்தனை மாதம் கிடந்தது என்பதை, அவருக்காக வேறொருவர் அறிந்து சொல்லும் ஏற்பாடு இது. அவ்வேலை நடைமுறையில் அத்தொழிலில் இருப்பவர்களிடமே சென்றது. ஓடு வேய்வோரும் செங்கல் கட்டுவோரும் சேர்ந்த லண்டன் தொழிற்குழு, அதாவது ஒரே தொழிலைச் செய்வோர் தமக்குள் பயிற்சி, உறுப்புரிமை, தண்டனை ஆகியவற்றை வகுத்துக்கொள்ளும் கில்டு அமைப்பு, 1568இல் முதலாம் எலிசபெத் அரசியிடமிருந்து பட்டயம் பெற்றது. உறுப்பினரல்லாதவர் நகருக்குள் தொழில் செய்வதைத் தடுப்பதும் உறுப்பினரின் வேலையைச் சோதிப்பதும் ஒரே கையில் இருந்தன. சோதனை எந்த அளவுக்கு வாங்குபவருக்காக நடந்தது, எந்த அளவுக்குப் போட்டியை விலக்கி வைப்பதற்காக நடந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

இந்த வேலியைத் திறந்துவிட்டது புயலன்று, தீ. 1666 செப்டம்பரில் லண்டனின் பெரும்பகுதி எரிந்தபின், தொழிற்குழுவின் உறுப்பினர்களை மட்டும் கொண்டு நகரைக் கட்டி முடிக்க இயலாது என்பது வெளிப்படையாகிவிட்டதால், 1667ஆம் ஆண்டின் மறுகட்டுமானச் சட்டம் வெளியூர்த் தச்சர், கொத்தர், ஓடு வேய்பவர் முதலியோருக்கு ஏழாண்டுகள் நகரில் தடையின்றித் தொழில் செய்ய உரிமை அளித்தது. ஏழாண்டுகளும் நகரில் உழைத்தவர் வாழ்நாள் முழுவதும் அவ்வுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்ற தூண்டிலும் அதில் இருந்தது. செங்கல், ஓடு ஆகியவற்றின் விலையும் கூலியும் மிதமிஞ்சினால் நீதிபதிகள் தலையிட்டு நிர்ணயிக்கலாம் என்பதும் சேர்க்கப்பட்டது. நகரம் வியக்கத்தக்க வேகத்தில் எழுந்தது. ஆனால் யார் உள்ளூர்க்காரர், யார் வந்தேறி, யாருடைய வேலையை யார் சோதிப்பது என்ற பழைய எல்லைகள் மீண்டும் பழையபடி நிலைபெறவே இல்லை.

அவ்வாறு எழுந்த நகரத்தைத்தான் 1703ஆம் ஆண்டின் பெரும்புயல் தாக்கியது. அன்றைய இங்கிலாந்தில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி நவம்பர் 26ஆம் தேதி இரவில் உச்சமடைந்த இப்புயல், எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தை, அதைக் கட்டிய ஹென்றி வின்ஸ்டான்லியோடு சேர்த்துக் கடலில் வீழ்த்தியது. வெல்ஸ் நகரில் புகைபோக்கி சரிந்து பேராயர் ரிச்சர்டு கிடரும் அவர் மனைவியும் படுக்கையிலேயே மாண்டனர். அரசியல் துண்டறிக்கை ஒன்றுக்காகச் சிறைப்பட்டு அந்நவம்பரில்தான் விடுதலையாகியிருந்த டேனியல் டீஃபோ, புயலின் பாதிப்புகளை எழுதியனுப்புமாறு செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து, நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களைத் தொகுத்து, 1704இல் ‘தி ஸ்டார்ம்’ என்ற நூலாக வெளியிட்டார். சேதங்களைப் பதிந்ததைப் போலவே புயலுக்கு அடுத்த வாரங்களின் சந்தையையும் அவர் பதிந்துவைத்திருப்பது, இத்தொழிலின் வரலாற்றை ஆராய்வோருக்குக் கிடைத்த பேறு என்றே சொல்ல வேண்டும்.

லண்டனில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட புகைபோக்கித் தொகுதிகள் சரிந்ததாக மதிப்பிடும் டீஃபோ, ஆயிரம் தட்டோடுகளின் விலை 21 ஷில்லிங்கிலிருந்து 6 பவுண்டுக்கு, அதாவது 120 ஷில்லிங்குக்கு, ஏறியதாகக் குறிப்பிடுகிறார். தட்டோடு என்பது ரீப்பர் எனப்படும் மெல்லிய சட்டங்களில் மர முளைகளால் தொங்கவிடப்பட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுவது. வளைந்த வடிவில் ஒற்றை அடுக்காகப் பதிக்கப்படும் நெளியோடு, ஆயிரத்துக்கு 50 ஷில்லிங்காக இருந்தது 10 பவுண்டுக்கு, அதாவது நான்கு மடங்குக்கு, உயர்ந்தது. செங்கற்கொத்தரின் நாட்கூலி 5 ஷில்லிங் ஆயிற்று. அது முன்னைய கூலியின் ஏறத்தாழ இரு மடங்கு. இவ்வெண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது பயனுள்ளது. ஓடு ஆறு மடங்கை நெருங்கியபோது உழைப்பு இரு மடங்கில் நின்றுவிட்டது என்பதால், புயலின் ஆதாயம் ஏணியில் ஏறியவரைக் காட்டிலும், களத்தில் ஓட்டை அடுக்கி வைத்திருந்தவருக்கே மிகுதியாகச் சென்றிருக்கிறது. ஆயினும் வீட்டுக்காரர் பேரம் பேசியதும் சினந்து கொண்டதும் ஏணியில் ஏறியவரிடம்தான், இன்றும் அப்படியே.

விலை இவ்வளவு ஏறியதற்குப் பேராசையை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. ஓடு பருவத்தொழில். நவம்பர் இறுதியில் மண் அப்போதுதான் தோண்டி முடிக்கப்பட்டிருக்கும். புதிய ஓடு வார்க்க வசந்தம் பிறக்க வேண்டும், அது உலர்ந்து சூளையேறி விற்பனைக்கு வரக் கோடையாகிவிடும். ஆகவே புயலன்று நாட்டில் இருந்த ஓடு எவ்வளவோ, அடுத்த ஆறேழு மாதங்களுக்கு அவ்வளவுதான். முதல் பரபரப்புக்குப் பிறகு விலை சற்று இறங்கியதையும் டீஃபோ குறிப்பிடுகிறார். வரத்துப் பெருகியதால் அது இறங்கவில்லை, கட்டுப்படியாகாமல் மக்கள் சீரமைப்பையே கைவிட்டதால் இறங்கியது. எண்ணற்ற வீடுகள் அக்குளிர்காலம் முழுவதும் கூரையின்றி ஈரத்திலும் குளிரிலும் கிடந்தன. கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல், வழக்கறிஞர்களின் குடியிருப்பான டெம்பிள் போன்ற பெரிய கட்டடங்களே வரிசை வரிசையாகப் பைன் மரப் பலகைகளால் மூடப்பட்டிருந்தன.

இதில் வரலாற்றின் குறும்பு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அதுவரை ஹாலந்திலிருந்து தருவிக்கப்பட்டுவந்த நெளியோட்டை உள்நாட்டிலேயே செய்வதற்காக, எசெக்ஸ் பகுதியின் டில்பரியில் சூளை நடத்திவந்தவர் டீஃபோவே. நூறு ஏழைக் குடும்பங்களுக்கு அது வேலையளித்ததாக அவர் பின்னாளில் எழுதினார். 1703இல் அவர் தலைமறைவாகவும் சிறையிலும் இருந்த மாதங்களில் அத்தொழில் நொடித்துப்போயிற்று. ஓட்டுக்குப் பொன்விலை கிடைத்த குளிர்காலத்தில் அவரிடம் விற்பதற்கு ஓடு இல்லை, எழுதுவதற்குத் தாள்தான் இருந்தது. விலையேற்றத்தைப் பற்றிய அவருடைய குறிப்பு அத்தனை துல்லியமாக அமைந்ததற்குத் தொழிலறிவும், அதோடு கொஞ்சம் ஏக்கமும் காரணமாக இருந்திருக்கலாம்.

அரசு என்ன செய்தது என்று பார்த்தால், 1704 ஜனவரி 19ஆம் தேதியை நாடு தழுவிய நோன்பு நாளாக ஆன் அரசி அறிவித்தார். மூன்றாம் எட்வர்டு காலத்தைப் போல ஓட்டின் விலையைப் புயலுக்கு முந்திய நாளில் நிறுத்திவைக்கும் வேகம் அரசிடம் இல்லை. சந்தை தன் போக்கில் விடப்பட்டது. வீட்டுக்காரருக்குக் காப்பீடும் கிடையாது. கட்டடம் கட்டி விற்கும் வணிகரான நிக்கொலஸ் பார்பன் 1680களின் தொடக்கத்திலேயே லண்டனில் தீக்காப்பீட்டைத் தொடங்கியிருந்தார் எனினும், காற்று அதன் வரம்புக்குள் வரவில்லை. தரக்குறைவான கட்டுமானத்துக்குப் பேர்போன ஒருவரே வீட்டுக் காப்பீட்டின் முன்னோடியாகவும் விளங்கினார் என்பது, கட்டுபவரும் காப்பீடு தருபவரும் பிற்காலத்தில் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொள்ளப் போகின்றனர் என்பதற்கு முன்னறிகுறி போலத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் தொழிற்குழுக்கள் லண்டனைப் போல வேரூன்றவில்லை. அங்கே சட்டம் முதலில் காத்தது வீட்டுக்காரரை அன்று, வேலை செய்தவரை. புதிய தலைநகரான வாஷிங்டனைக் கட்டுவதற்கு ஆட்களை ஈர்க்கும் பொருட்டு மேரிலாந்து மாநிலம் 1791இல் இயற்றிய சட்டம், கூலியோ பொருளின் விலையோ கிடைக்காதவர் அந்தக் கட்டடத்தின் மீதே உரிமை கோரலாம் என்றது. பற்றுரிமை எனப்படும் இவ்வேற்பாடு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. நியாயமான இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் புயற்காலத்தில்தான் தெரியவரும். ஒப்பந்தக்காரரிடம் முழுத் தொகையையும் கொடுத்துவிட்ட வீட்டுக்காரர், அவர் ஓட்டுக் கடைக்கும் துணை ஒப்பந்தக்காரருக்கும் பணம் தராமல் மறைந்துவிட்டால், அதே வேலைக்கு இரண்டாம் முறையும் பணம் கொடுக்க நேரிடும். 

ஃபுளோரிடாவின் தென்முனை நிலவணிக மோகத்தில் அவசரமாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1926 செப்டம்பரில், மயாமியைப் பெரும்புயல் தாக்கியது. அதன் பாடங்கள் கட்டட விதிகளாகப் படிப்படியாக உருப்பெற்று, 1957இல் தென் ஃபுளோரிடா கட்டட விதித்தொகுப்பாயின. நாட்டிலேயே கண்டிப்பான விதிகளுள் ஒன்றாக அது கருதப்பட்டது. 1950இல் அறிமுகமான வீட்டுரிமையாளர் காப்பீட்டுப் பத்திரம் தீ, காற்று, களவு ஆகியவற்றை ஒரே பத்திரத்தில் அடக்கியதால், புயலுக்குப் பின் கூரைக்குப் பணம் தருபவர் மெல்ல மெல்ல வீட்டுக்காரரிலிருந்து காப்பீட்டு நிறுவனமாக மாறினார். கண்டிப்பான விதி, விதியைச் சோதிக்க ஆய்வாளர், இழப்பை ஈடுகட்டக் காப்பீடு, தொழில் செய்ய உரிமம் என நான்கு காவல்கள் ஒருங்கே அமைந்துவிட்ட நிலையில், கூரை வேலையில் நம்பிக்கை என்ற கேள்வி தீர்ந்துவிட்டதாகவே எண்ணத் தோன்றியிருக்கும். 1965க்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் தென் ஃபுளோரிடாவைக் கடும் சூறாவளி எதுவும் சோதிக்கவும் இல்லை.

1992 ஆகஸ்டு 24ஆம் தேதி அதிகாலையில் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் அருகே கரையேறிய ஆண்ட்ரூ சூறாவளி, 25,000க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்து, ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளைச் சேதப்படுத்தியது. பழைய வீடுகள் பல நின்ற இடத்தில், புதிய குடியிருப்புகள் வரிசையாகக் கூரையிழந்து கிடந்தன. காரணங்களை ஆராய்ந்த, அப்பகுதி அடங்கிய டேட் மாவட்டத்தின் பெருநடுவர் குழு, அதாவது குடிமக்களைக் கொண்டு அமைக்கப்படும் விசாரணைக் குழு, 1992 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், விதிகள் ஆண்டுதோறும் தளர்த்தப்பட்டதையும், ஆய்வாளர்கள் ஒரே நாளில் செய்ய இயலாத எண்ணிக்கையில் வீடுகளைப் பார்த்ததாகக் கணக்கெழுதியதையும், வேலையின் தரம் தாழ்ந்ததையும் கடுமையாகச் சாடியது. இதே குறைகளை ஆராய்ந்து எழுதியதையும் உள்ளடக்கிய புயல் செய்திகளுக்காக ‘மயாமி ஹெரால்டு’ நாளிதழ் 1993இல் புலிட்சர் விருது பெற்றது.

சிதறிய கூரைப் பலகைகளில் தவறு எழுதியிருந்தது என்றே சொல்லலாம். அங்கே கூரை என்பது கைமரங்களின் மீது ஒட்டுப்பலகை பரப்பி, அதன்மேல் தாரட்டையோ ஓடோ பதிக்கும் அமைப்பு. பலகை கைமரத்தை விட்டுப் பிரிந்தால் மேலே எது இருந்தும் பயனில்லை. ஆணிக்குப் பதிலாகக் காற்றழுத்தக் கருவியால் விரைவாக அடிக்கக்கூடிய ஸ்டேப்பிள் எனப்படும் கம்பிக் கவ்விகள் அனுமதிக்கப்பட்டிருந்தன. சுத்தியலால் ஆணி அடிப்பவருக்கு, அது மரத்தில் இறங்குகிறதா, வெற்றிடத்தில் இறங்குகிறதா என்பதைக் கையே சொல்லிவிடும். கருவி அதைச் சொல்லாது. வரிசை வரிசையாகக் கவ்விகள் கைமரத்தைத் தொடாமலே பலகையில் மட்டும் இறங்கியிருந்ததைப் புயலுக்குப் பிறகுதான் உலகம் கண்டது. கூரையின் இரு முனைகளிலும் நிற்கும் முக்கோணப் பகுதிகள் போதிய முட்டுக்கொடுக்கப்படாமல் உள்நோக்கிச் சரிந்திருந்தன. இவ்வீடுகளில் எதையும் நாடோடி மோசடிக்காரர் கட்டவில்லை. உரிமம் பெற்றவர்களே கட்டினர், அனுமதியும் ஆய்வு முத்திரையும் முறைப்படி இருந்தன. உரிமம் இருக்கிறதா என்று பார்த்து வேலை கொடுக்குமாறு இன்றும் கூறப்படும் அறிவுரை சரியானதே. ஆயினும் அது எந்த அளவுக்குப் போதாதது என்பதற்கு 1992ஐவிடப் பெரிய சான்று தேவையில்லை.

சீரமைப்புக்காகப் பணமும் ஆட்களும் குவிந்தபோது எழுந்த புகார்களிலிருந்து புதிய சட்டங்கள் பிறந்தன. 1992இலேயே ஃபுளோரிடா இயற்றிய விலையேற்றத் தடைச் சட்டம், நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதற்கு முந்திய 30 நாட்களின் சராசரி விலையை அளவுகோலாகக் கொண்டு, அதைவிட மிதமிஞ்சிய விலைக்குப் பொருளையோ சேவையையோ விற்பதைச் சட்டவிரோதமாக்கியது. மூன்றாம் எட்வர்டின் கிறிஸ்துமஸ் இவ்வாறு ஃபுளோரிடாவுக்கு வந்துசேர்ந்தது. உரிமமின்றி ஒப்பந்த வேலை செய்வது அங்கே சாதாரண நாளில் சிறுகுற்றம், நெருக்கடிநிலைக் காலத்தில் பெருங்குற்றம். ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெற்றவர் 30 நாட்களுக்குள் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அனுமதி கிடைத்த 90 நாட்களுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். ஒப்பந்தத்திலும் விளம்பரத்திலும் வண்டியிலும் உரிம எண் காணப்பட வேண்டும். 1994இல் தென் ஃபுளோரிடா விதிகள் இறுக்கப்பட்டு, கவ்வியின் இடத்துக்கு ஆணி திரும்பியது. 2002 மார்ச்சில் மாநிலம் முழுமைக்குமான ஒரே விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அவ்விதிகளின்படி கட்டப்பட்ட வீடுகள் பிந்தைய புயல்களில் பெரும்பாலும் நன்றாகவே தாக்குப்பிடித்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நெருக்கடி வரும்போது வேலி மறுபடியும் திறக்கப்பட்டது. 2017இல் இர்மா சூறாவளிக்குப் பின், கூரை வேலைக்கென்ற தனி உரிமம் இல்லாத பொதுக் கட்டட ஒப்பந்தக்காரர்களும் கூரை சீரமைக்கலாம் என மாநில நிர்வாகம் தற்காலிகமாக அனுமதித்தது. அதற்கு 350 ஆண்டுகளுக்கு முன் லண்டன் எடுத்த முடிவும் இதுவே. ஆட்கள் போதாதபோது, தகுதியைக் காட்டிலும் எண்ணிக்கை முதன்மை பெறுகிறது.

பைன் பலகைக்கு ஈடாக இப்போது நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்பு வந்திருக்கிறது. புயலில் கூரையிழந்த வீடுகளை அமெரிக்கப் படையின் பொறியாளர் பிரிவு அரசுச் செலவில் விரிப்பால் மூடித்தருகிறது. 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு இவ்வேலை பெருநிறுவனங்களுக்கு ஒப்பந்தமாக விடப்பட்டு, அவர்களிடமிருந்து துணை ஒப்பந்தம், அதற்குத் துணை எனப் பல படிகள் இறங்கியது. அரசு கொடுத்த தொகைக்கும் ஏணியில் நின்றவருக்குக் கிடைத்த கூலிக்கும் இடையிலிருந்த பெரும் இடைவெளி அப்போது பரவலாகக் கண்டனத்துக்குள்ளானது. 1703இல் ஓட்டுக் களத்தில் தங்கிய ஆதாயம் இம்முறை இடைப்படிகளில் தங்கியது.

காப்பீடு கொண்டுவந்த மாற்றம் இவையனைத்தையும்விட ஆழமானது. ஃபுளோரிடாவில் உரிமை மாற்றிக்கொடுத்தல் எனப்படும் முறை பரவியது: காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து தமக்கு வர வேண்டிய தொகையைக் கோரும் உரிமையை வீட்டுக்காரர் ஒரே கையெழுத்தில் ஒப்பந்தக்காரருக்கு எழுதிக்கொடுத்துவிடுவார், ஒப்பந்தக்காரர் கூரையைச் சீரமைத்துவிட்டு நிறுவனத்திடம் நேரடியாகப் பணம் கேட்பார், மறுத்தால் வழக்குத் தொடுப்பார். கையில் பணமில்லாத குடும்பத்துக்கு மழைக்கு முன் கூரை கிடைத்தது என்பது இதன் நன்மை; நிறுவனங்கள் உரிய தொகையைத் தராமல் இழுத்தடித்ததே இம்முறை வளரக் காரணம் என்ற வழக்கறிஞர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. எனினும் பணம் தருபவர் கூரையைப் பார்க்காமலும், கூரையைப் பார்ப்பவர் பணம் தராமலும் போனபின், தொகையைப் பற்றிக் கவலைப்படும் ஆள் அவ்வீட்டில் எவரும் இல்லை. இலவசக் கூரை என்ற பேச்சோடு தெருத்தெருவாகக் கதவு தட்டுவது தனித்தொழிலே ஆயிற்று. 2019இல் நாடு முழுவதும் எழுந்த வீட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் ஏறத்தாழ 8 விழுக்காடே ஃபுளோரிடாவைச் சேர்ந்தவை என்றும், வழக்குகளில் 76 விழுக்காடு அங்கே தொடுக்கப்பட்டவை என்றும் மாநிலக் காப்பீட்டு ஒழுங்காற்று அலுவலகம் கணக்கிட்டது.

2019இல் இம்முறைக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 2021இல் கூரைக் கோரிக்கைக்குத் தூண்டும் விளம்பரங்களைத் தடைசெய்த சட்டப்பிரிவைக் கருத்துரிமைக்கு எதிரானது என்று கூறிக் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இத்தகைய விளம்பரமும் பேச்சுரிமையின் பாற்பட்டதே என்ற அத்தீர்ப்பை இடைக்காலத் தொழிற்குழுவினர் கேட்டிருந்தால் திகைத்துப்போயிருப்பர். இறுதியாக, 2022 டிசம்பரில் கூடிய சிறப்புக் கூட்டத்தொடரில் சட்டமன்றம் உரிமை மாற்றிக்கொடுத்தலை அறவே நீக்கியது. நீக்கம் 2023 ஜனவரி 1ஆம் தேதி முதல் வழங்கப்படும் பத்திரங்களுக்கே பொருந்தும் என்பதால், 2022 செப்டம்பர் 28ஆம் தேதி தென்மேற்கு ஃபுளோரிடாவில் கரையேறிய இயன் சூறாவளியின் சேதங்கள் பழைய சட்டத்தின் கீழேயே தீர்க்கப்பட்டன. அடுத்த புயற்பருவத்தில் ஒரே தெருவில் இரு வகை வீடுகள் இருந்தன: பத்திரம் புதுப்பிக்கப்பட்டுவிட்ட வீட்டுக்காரர், ஒப்பந்தத்தைப் படித்து, முன்பணத்தை எண்ணிக் கொடுத்து, பற்றுரிமை விடுவிப்புக் கடிதத்தைத் தாமே கேட்டு வாங்க வேண்டியவரானார், புதுப்பிப்புக்குச் சில வாரங்கள் மீதமிருந்த அண்டை வீட்டுக்காரரிடம் ஒரே கையெழுத்துக் கேட்டு அப்போதும் ஆள் வர முடிந்தது.